அளந்து அளந்து ஆத்திலை போடுறவை

வா மோனை, உதிலை இரு. கழுத்திலை நாடா, நாடாவிலை அட்டை, முதுகிலை லப்ரொப் பை. கந்தோர் உத்தியோகம் கிடைச்சிட்டுதெண்டு வாசிகசாலையடி முழுக்க உன்ரை கதைதான். பட்டம் எடுத்துப்போட்டு, வேலை தா எண்டு பந்தல் போட்டுக் குந்தியிருந்த பொடியன் கடைசியிலை அபிவிருத்தி உத்தியோகத்தர். அதுவும் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புப் பகுதியிலை புள்ளிவிபரம் சேர்க்கிறதாம். நல்லது. கொப்பருக்குக் கால் நிலத்திலை முட்டுதில்லை.

நான் ஒண்டு கேக்கிறன். எதை எண்ணப் போறாய்?

முழுசாதை. உங்கடை படிப்பிலை உது கடைசிப் பாடமாக்கும். திண்ணையிலை இருக்கிற எங்களுக்கு முதல் கேள்வியே உதுதான்.

உந்தப் புறபேசன், அதுதான் உங்கடை நன்னடத்தை, எண்ட விசயத்தை ஆர் துவக்கினது எண்டு தெரியுமே? நீதவான் இல்லை. அப்புக்காத்தும் இல்லை. ஏசி அறைக்குள்ளை இருந்து கொள்கை வகுக்கிற துரைமாரும் இல்லை. ஒரு சப்பாத்துத் தைக்கிறவர். அமெரிக்காவிலை பொஸ்ரன் பட்டினம், 1841ஆம் ஆண்டு, ஜோன் ஒகஸ்ரஸ் எண்டு பேர். கோட்டுப் பக்கம் போன மனிசன் கந்தல் உடுப்போடை ஒரு வெறிகாரனைக் கண்டார். மறியலுக்கு அனுப்பாதேங்கோ, என்ரை பொறுப்பிலை விடுங்கோ எண்டு கேட்டு வாங்கினார். மூண்டு கிழமையாலை திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தால், கோட்டு ஆக்களுக்கே ஆளை மட்டுக்கட்டத் தெரியேல்லை. தெண்டம் ஒரு சதம். கோட்டுச் செலவு வேறை.

மனிசன் அதோடை நிக்கேல்லை. 1858 வரைக்கும் 1,946 பேரைப் பிணையிலை எடுத்தவர். அந்தத் தொகை எப்பிடித் தெரியும் எண்டு கேக்கமாட்டியே? எழுதி வைச்சவர் மோனை. ஆர், என்ன குற்றம், பேந்து என்ன ஆனான் எண்டு பாத்துப் பாத்து வைச்சவர். 1852இலை தன்ரை வேலையைப் பற்றிப் புத்தகமும் போட்டவர். அவ்வளவு பேரிலையும் பத்துப் பேர்தான் பிணையை முறிச்சவை எண்டு சொல்லுவினம்.

வாயைப் பிளந்திட்டாய். மூடு. நல்ல கணக்கெண்டாலும் ஒரு கேள்வி கேட்டுப்போட்டுத்தான் கும்பிடோணும். அவர் வந்தவன் போனவனையெல்லாம் எடுக்கேல்லை. பெரும்பாலும் முதல் தடவை பிழைவிட்டவன், மனம் இன்னும் பழுதாகாதவன் எண்டு விசாரிச்சுப் பாத்துத்தான் எடுத்தவர். அப்ப அந்தப் பத்துப் பேர் எண்டது அவற்றை பராமரிப்பின்ரை பலனோ, தெரிவின்ரை பலனோ? ரண்டும்தான். எது எவ்வளவு எண்டு அந்தத் தொகையைப் பிழிஞ்சாலும் வராது. நாளைக்கு உன்ரை பெரியவர் மேடையிலை ஏறி, மறியலுக்குப் போனவங்களிலை இத்தினை வீதம் திரும்பக் குற்றம் செய்தாங்கள், எங்களிட்டை வந்தவங்களிலை இவ்வளவுதான் எண்டு மார் தட்டுவார். நீயும் கைதட்டு. கைதட்டிக்கொண்டே யோசி: நீதவான் ஆரை உங்களிட்டை அனுப்பினவர், ஆரை மறியலுக்கு அனுப்பினவர்?

எங்கடை நாட்டுக்கு உது வெள்ளைக்காரன் காலத்திலை வந்தது. 1939இலை சிறுவர், இளையாருக்குச் சட்டம். 1944இலை நன்னடத்தைக்குச் சட்டம். 1956இலை தனித் திணைக்களம். 1987இலை 13ஆவது திருத்தம் வந்து நன்னடத்தை மாகாணத்தின்ரை கைக்குப் போச்சுது. மறியல் மத்தியிட்டை. பொலிசும் கோடும் மத்தியிட்டை. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தாலை வந்த சமுதாயஞ்சார் சீர்திருத்தம், அதுதான் மறியலுக்குப் பதிலாய்ச் சம்பளமில்லாமல் ஊருக்கு வேலை செய்யிறது, அதுவும் மத்தியிட்டை. இப்ப ஒரு பொடியனை நினை. பதினைஞ்சிலை உங்களிட்டை வாறான். இருபதிலை மறியலுக்குப் போறான். ஒரு கொப்பி மற்றக் கொப்பியோடை கதைக்காட்டில் என்ன ஆகும்? உங்கடை கொப்பியிலை அவன் 'வெற்றிகரமாய் முடித்தவர்'. அவையின்ரை கொப்பியிலை 'முதல் தடவைக் குற்றவாளி'. ரண்டு கந்தோருக்கும் சந்தோசம். பொடியன் மட்டும் உள்ளை.

படிவத்துக்கு வருவம். எந்தக் கந்தோர்ப் படிவமெண்டாலும் ஒரு சாதிதான். நடத்தின கூட்டம் எத்தினை, வந்தவை எத்தினை, அதிலை ஆண் எத்தினை பெண் எத்தினை, வீடு பாக்கப் போனது எத்தினை தரம், கோட்டுக்குக் குடுத்த அறிக்கை எத்தினை. வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஒரு உத்தியோகத்தர் எத்தினை பிள்ளையைச் சுமக்கிறார் எண்டு தெரியாமல், இன்னொரு ஆளைத் தாங்கோ எண்டு மேலிடத்தைக் கேக்கேலுமே? ஆனால் உதெல்லாம் கந்தோர் பட்ட பாட்டின்ரை கணக்கு. பொடியன்ரை கணக்கு எங்கை? நான் பொயிலை செய்த காலத்திலை, எத்தினை துலாத் தண்ணி இறைச்சனான் எண்டு நாளும் பொழுதும் எழுதி வைச்சுக்கொண்டு, கண்டு தப்பினதோ பட்டதோ எண்டு பாக்காமல் விட்டிருந்தால், யாவாரி என்ரை கொப்பியைப் பாத்தே காசு எண்ணித் தந்திருப்பான்?

உதைத்தான் கொழும்பிலை பெரிய ஒட்டலிலை ரண்டு நாள் வேர்க்சொப் வைச்சு, படம் படமாய்ப் போட்டுச் சொல்லிக் குடுக்கினமாம். போ, போட்டு வா. அங்கை ஐஸ்கிறீமும் குடுப்பினம்.

சரி, பொடியனையே எண்ணுவம் எண்டு வெளிக்கிட்டாய் எண்டு வை. திரும்பக் குற்றம் செய்தவன் எண்டால் ஆர்? பொலிசு பிடிச்சவனோ? கோடு குற்றவாளி எண்டவனோ? மறியலுக்குப் போனவனோ? மூண்டுக்கும் மூண்டு தொகை வரும். எவ்வளவு காலம் பாக்கிறது? இங்கிலாந்திலை ஒரு வருசம் பாக்கினம். அதுக்குள்ளை செய்த குற்றத்துக்குத் தீர்ப்பு வர இன்னுமொரு ஆறு மாசம் பொறுக்கினம். எங்கடை கோட்டிலை ஆறு மாசத்திலை தவணை வரும். தீர்ப்பு வருமே? லண்டன்காரன்ரை அளவுகோலை அப்பிடியே பிளேனிலை ஏத்திக்கொண்டு வந்து இஞ்சை வைச்சுப் பாத்தியோ, எங்கடை பொடியள் எல்லாரும் யோகர் சுவாமியின்ரை சீடப்பிள்ளையள்.

இன்னொண்டு. பிழைவிட்ட பொடியனைத் தாய் தேப்பன் என்ன செய்வினம்? காணியை ஈடு வைச்சு, ஏஜென்சிக்காரனுக்குக் கட்டி, பிரான்சுக்கு ஏத்திவிடுவினம். இல்லாட்டில் கிளிநொச்சியிலை மாமன் வீட்டை. உன்ரை கொப்பியிலை அவன் பேந்து பிடிபடவேயில்லை. திருந்தினவன் எண்டு எழுதுவியோ? அவனைப் பாரிசிலை பொலிசு பிடிச்சால் மல்லாகம் கோட்டுக்குத் தந்தி வருமே? 'தெரியாது' எண்டு ஒரு கட்டம் போடு மோனை. பெரியவர் முகத்தைச் சுழிப்பார். சுழிச்சால் சுழிக்கட்டும்.

லண்டனிலை உனக்கொரு சித்தப்பன் இருக்கிறாரெல்லே, அவரைக் கேட்டுப் பார் இந்தக் கதையை. 2014இலை இங்கிலாந்து அரசாங்கம், ஆபத்துக் குறைஞ்ச, நடுத்தரக் குற்றவாளியளைக் கண்காணிக்கிற வேலையைத் தனியார் கம்பனியளுக்குக் குடுத்தது. திரும்பக் குற்றம் செய்யிறது குறைஞ்சால் அதுக்கேத்த காசு. கேக்க எவ்வளவு வடிவாய்க் கிடக்கு! பேந்து பாத்தால், சில ஆக்களுக்கு ஆறு கிழமைக்கு ஒருக்கா ரெலிபோனிலை சுகம் விசாரிக்கிறதே கண்காணிப்பாய்ப் போச்சுது. அந்த நாட்டு நன்னடத்தைப் பரிசோதகரே 2017இலை வாய்விட்டுச் சொன்னவ. தொகையைப் பாத்தாலோ ரண்டு விதம். திரும்பக் குற்றம் செய்த ஆக்களின்ரை வீதம் கொஞ்சம் குறைஞ்சிருந்தது. ஆனால் செய்தவன் ஒவ்வொருத்தனும் சராசரியாய்ச் செய்த தரம் கூடியிருந்தது. குறைஞ்சது எண்டு காட்ட விரும்பினவைக்கு ஒரு படம். கூடினது எண்டு காட்ட விரும்பினவைக்கு இன்னொரு படம். ரண்டும் பொய்யில்லை, அதுதான் விசேசம். 2021 யூனிலை வேலை முழுவதையும் அரசாங்கமே திரும்ப எடுத்துக்கொண்டுது. சுழியன்கள் நிறைஞ்ச ஊரிலையே உந்தக் கூத்தெண்டால், எங்களுக்கென்ன குறை?

கிராப் இறங்கினவுடனை கைதட்டாதை, ஏறினவுடனை தலையிலை கைவையாதை. 2018இலை என்ன நடந்தது? அதுமட்டும் எட்டு வயசுப் பிள்ளையைக்கூடக் குற்றவாளி எண்டு நிப்பாட்டச் சட்டத்திலை இடமிருந்தது. தண்டனைச் சட்டக் கோவையைத் திருத்திப் பன்னிரண்டாக்கினவை. நல்ல காரியம். ஆனால் அதுக்குப் பிறகு பத்து வயசுப் பிள்ளையளின்ரை குற்றம் கொப்பியிலை பூச்சியம். பிள்ளையள் ஒரே இரவிலை நல்லாயிட்டினமே? என்ரை மாமரத்தைக் கேள், அது சொல்லும். 2020இலை கொரோனா வந்து கோட்டைப் பூட்டினவை. பொடியள் வீட்டிலை இருந்து தேவாரம் படிச்சவையே? 2023 டிசம்பரிலை யுக்திய எண்டு பேர் வைச்சுப் போதைப்பொருள் பிடிக்கப் பொலிசு வெளிக்கிட்டு, நாடு முழுக்க ஆயிரக்கணக்கிலை அள்ளினது. அந்த நேரம் கூடினது கஞ்சாவோ, பொலிசோ?

வயசிலையும் ஒரு சிக்கல் கிடக்கு. 1939ஆம் ஆண்டுச் சட்டம் எழுதேக்கை, 14க்குக் கீழை சிறுவர், அதுக்கு மேலை 16க்குள்ளை இளையார். 1998இலை வந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைச் சட்டத்துக்கு 18க்குக் கீழை எல்லாரும் சிறுவர்தான். ஆரும் வந்து, உங்கடை பக்கம் எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லாதை. எந்தச் சட்டத்தின்ரை பிள்ளை எண்டு திருப்பிக் கேள். உன்னை விசரன் எண்டு நினைப்பினம். பரவாயில்லை, எனக்கும் அந்தப் பேர் இருக்கு.

பழைய காலத்தோடை ஒப்பிடுவம் எண்டு ஒரு ஆசை வரும் உனக்கு. எங்கடை ஊருக்குப் பழைய தொகை எங்கை இருக்கு? 1981இலை குடிசனத்தை எண்ணினவை. 1991இலை நாட்டிலையே எண்ணேல்லை. 2001இலை எண்ண வெளிக்கிட்டவை, யாழ்ப்பாணத்திலை சரிவரேல்லை. பேந்து 2012இலைதான் முறையாய் எண்ணினது, 5 இலட்சத்து 83 ஆயிரம் சொச்சம். இடையிலை 31 வருசம். 1995 ஒக்டோபர் 30 வலிகாமச் சனம் முழுக்கச் சண்டையாலை இடம்பெயந்து நாவற்குழிப் பக்கம் நெருக்குப்பட்டுப் போகேக்கை கோப்புக் கட்டை ஆர் காவினது? நாங்கள் கிழவியளைக் காவினனாங்கள். ஆகையாலை, அந்தக் காலத்துச் சிறுவர் குற்றத்தையும் இந்தக் காலத்துச் சிறுவர் குற்றத்தையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் படம் கீறிக்கொண்டு ஒரு ஆள் வந்தால், கதிரை குடுத்து இருத்து. தண்ணியும் குடு. பேந்து மெல்லமாய்க் கேள்: எதாலை பிரிச்சனீங்கள் ஐயா?

பேப்பர்காரர் இன்னும் கெட்டிக்காரர். இளைஞர் குற்றம் 50 வீதத்தால் அதிகரிப்பு எண்டு தலைப்புப் போடுவினம். உள்ளுக்கை போய்ப் பாத்தால், ஒரு பிரதேசத்திலை போன வருசம் ரண்டு, இந்த வருசம் மூண்டு. கணக்கிலை பிழை பிடிக்கேலாது. சனத்தைத்தான் நித்திரையில்லாமல் ஆக்கியாச்சு.

யாழ்ப்பாண மாவட்டத்திலை 15 பிரதேச செயலகம், 435 கிராம அலுவலர் பிரிவு. உனக்கு எக்செல் கையிலை கிடைச்ச புளுகிலை, 435ஆயும் பிரிச்சுக் கலர் கலராய் வரைபடம் போடப் பாப்பாய். அந்த எடுப்பை விடு. ஒரு பிரிவுக்கு நேரை '15 வயது, பெண், 1' எண்டு போட்டியோ, முடிஞ்சுது. பேர் போடேல்லைத்தானே எண்டு நீ நினைப்பாய். இஞ்சை ஆருக்கு ஆரைத் தெரியாது? சாமி வீதி சுத்தி வந்து இருப்புக்குப் போக முன்னம், அந்தப் பிள்ளை ஆர், தாய் ஆர், எந்த ஒழுங்கை எண்டு சொல்லிப்போடுவினம். பத்து வருசம் கழிச்சுக் கலியாணம் பேசேக்கை உன்ரை கலர்ப் படம் வந்து நடுவிலை நிக்கும். சின்னத் தொகையைச் சேர்த்துக் கூட்டிப் பெரிசாக்கிப்போட்டு வெளியிலை விடு. பிரிச்சது உன்ரை பெட்டிக்குள்ளை பூட்டோடை கிடக்கட்டும். இந்த ஒண்டைக் கேக்காட்டில் மற்ற எதையும் கேக்காதை.

கேக்கிற விதமும் இருக்குத் தம்பி. சண்டை முடிஞ்ச கையோடை இஞ்சை வாகனம் வாகனமாய் வந்து இறங்கினவை. ஒரே வீட்டுக்கு ஒவ்வொரு நிறுவனமாய் வந்து ஒரே கேள்வி. சனம் லேசுப்பட்டதே? எந்தப் பதிலுக்குத் தகரம் வரும், எந்தப் பதிலுக்கு ஆடு வரும் எண்டு கெதியிலை பிடிச்சிட்டினம். பிழைவிட்ட பொடியனும் மடையனில்லை. அட்டை தொங்கவிட்ட ஆள் வந்து, இப்பவும் குடிக்கிறியோ எண்டு கேட்டால் என்ன சொல்லுவான்? இல்லை சேர். எழுது, நூற்றுக்கு நூறு. பின்னேரம் அதே பொடியனைக் கொட்டிலடியிலை நீயே காண்பாய். ரண்டு பேரும் ஆளை ஆள் காணாத மாதிரிப் போவியள்.

எண்ணுறதையே நக்கலடிக்கிறன் எண்டு நினையாதை. எண்ணத் தெரிஞ்ச மனிசர் எங்களுக்குள்ளை இருந்தவை. சேர் பொன்னம்பலம் அருணாசலம், மானிப்பாய் வழி. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தினவர் அவர்தான். தொகையை அடுக்கினதோடை விடாமல், சனம் எப்பிடிச் சீவிக்குது எண்டும் சேர்த்து எழுதினவர். 1915இலை இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தைத் தொடங்கினதும் அவரேதான். எண்ணின மனிசன் எண்ணினாப்போலை ஏழையளிட்டைப் போனவர். உங்கடை ஆக்கள் எண்ணி முடிச்சால் எங்கை போகினம்? தேத்தண்ணிக்கு.

2005இலை சேவ் த சில்ரன் ஆக்கள் சிறுவர் இல்லங்களைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டவை. இல்லத்துப் பிள்ளையெண்டால் அனாதைதான் எண்டு ஊருலகம் நினைச்சுக்கொண்டிருந்த காலம். அவை பாத்தது ஒரு சின்ன விசயம்: இந்தப் பிள்ளைக்குத் தாய் தேப்பன் இருக்கினமோ? பெரும்பாலான பிள்ளையளுக்கு ஆரோ ஒருத்தர் உயிரோடை இருந்தவை. வறுமை கொண்டுவந்து விட்டிருக்கு. இப்ப சொல்லு, இன்னொரு இல்லம் கட்டுறதோ, அந்தத் தாய்க்கு ஒரு தையல் மெசின் வாங்கிக் குடுக்கிறதோ? பவர்பொயின்ற் இல்லாமலே விடை தெரியுதே?

மறியல் திணைக்களமும் வருசா வருசம் புள்ளிவிபரப் புத்தகம் போடுது. அதை வாசி. தீர்ப்பு எழுதி உள்ளை போறவையிலை பாதிக்கு மேலை, தெண்டம் கட்ட வழியில்லாமல் போறவை. ஒரு வருசக் கதையில்லை, கனகாலமாய் உப்பிடித்தான். அவனைத் திருத்த என்ன கிடக்கு? அவன்ரை பொக்கற்றைத்தான் திருத்தோணும். தவணை முறையிலை கட்ட விடலாம், சமுதாய வேலைக்கு அனுப்பலாம், சட்டமும் இருக்கு. ஒரு மனிசனை உள்ளை வைச்சுச் சோறு போடுற செலவு, அவன் கட்டவேண்டின தெண்டத்தை எத்தினை நாளிலை தாண்டும் எண்டு ஆரும் கூட்டிப் பாத்தவையே? தொகை அச்சிலை கிடக்கு. ஆத்திலை போட்டாலும் அளந்து போடு எண்டு பழசுகள் சொன்னதுகள். எங்கடை குடாநாட்டிலை ஆறெண்டு சொல்ல வழுக்கியாறு ஒண்டுதான், அதுவும் மாரி பெய்தால்தான். எண்டாலும் நீங்கள் விடுறியளில்லை. வடிவாய் அளக்கிறியள். வடிவாய் அச்சடிக்கிறியள். பேந்து கொண்டுபோய் ஆத்திலை போடுறியள்.

வெயிலுக்குள்ளை மோட்டச்சைக்கிளிலை வீடு வீடாய்த் திரிஞ்சு உனக்குப் படிவம் நிரப்பித் தாறாரே நன்னடத்தை உத்தியோகத்தர், அவருக்கு அந்தத் தொகை திரும்பி வருமோ எண்டு முதல் விசாரி. அவர் மேலை அனுப்புவார். மேலை இருக்கிறவை இன்னும் மேலை அனுப்புவினம். கீழை ஒண்டும் வராட்டில் அவர் என்ன செய்வார்? போன காலாண்டிலை எழுதினதையே இந்தக் காலாண்டும் எழுதுவார். நானெண்டாலும் அதைத்தான் செய்வன். உன்ரை தொகையிலை இருந்து அவருக்கு ஒரு பக்கம் எழுதிக் குடு: உங்கடை பகுதியிலை எந்த வயசிலை கூடுதலாய் வருகினம், பள்ளிக்கூடம் விட்டு எவ்வளவு காலத்திலை வருகினம், ஒரு வருசத்துக்குப் பிறகு எத்தினை பேர் வேலை வெட்டியிலை நிக்கினம். அதைப் பாத்தாரெண்டால் அடுத்த படிவத்தைக் கொஞ்சம் மினைக்கெட்டு எழுதுவார்.

படிவத்தின்ரை அடியிலை 'வேறு குறிப்புகள்' எண்டு ஒரு கட்டம் கிடக்கும் பார். எல்லாப் படிவத்திலையும் இருக்கும், எல்லாத்திலையும் வெறுமையாய் இருக்கும். தாய் மறுமணம் செய்தவ, பொடியன் அம்மம்மாவோடை, கராச்சிலை வேலை பழகிறான், முதலாளி நல்ல மனிசன் எண்டு எழுத அதிலைதான் இடம். அரை அங்குலம். அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் பெரிசாய் அடிக்கச் சொல்லி மேலிடத்துக்கு ஒரு கடிதம் போடு. உடனை ஒத்துக்கொள்ளமாட்டினம். கடுதாசிச் செலவு கூடும் எண்டுவினம். அதை ஆராய ஒரு குழுவும் போடுவினம். குழுவிலை உன்னையும் சேர்த்தால் மறுக்காமல் போ. கட்டம் பெரிசாகுதோ இல்லையோ, மத்தியானச் சாப்பாடு நல்லாயிருக்கும்.